தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது வரும் வலிப்பு: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

"தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடுகிறது, மற்ற நாள்களில் நன்றாகத்தான் இருக்கிறான்." வலிப்புக்காக எங்களிடம் வரும் பெற்றோரில் சிலர் தயங்கித் தயங்கி இப்படிச் சொல்வதுண்டு. இதைச் சொன்னால் மருத்துவர் நம்புவாரா என்ற ஐயம் அவர்களுடைய குரலிலேயே தெரியும். வேறு சிலர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். குளியலறையில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்றோ, பயந்த கோளாறு என்றோ, வேறு ஏதோ தீண்டியது என்றோ எண்ணிக்கொள்கிறார்கள்.

இது தற்செயலும் அன்று, தீண்டலும் அன்று. மருத்துவ நூல்களில் இதற்கென்று தனிப் பெயர் உண்டு: வெந்நீர் வலிப்பு. உலகில் இந்நோய் மிகுதியாகக் கண்டறியப்பட்ட பகுதிகளுள் தென்னிந்தியா முதன்மையானது. இதைப் பற்றிய முக்கியமான ஆராய்ச்சிகள் பலவும் நமக்கு அருகிலுள்ள பெங்களூரில் நடைபெற்றவை. அந்த ஆராய்ச்சிகள் கண்டறிந்தவற்றையும், அவற்றைக் கொண்டு வீட்டில் நாம் செய்யக்கூடியவற்றையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மூளையின் மின்னோட்டமும் வலிப்பும்

நம் மூளையிலுள்ள கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் மிக நுண்ணிய மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. ஒரு செல் தூண்டினால் மற்றொன்று தணிக்கும். இவ்வாறு தூண்டலும் தணிப்பும் சமநிலையில் இருக்கும்வரை பேச்சும் நடையும் நினைவும் ஒழுங்காக நடைபெறுகின்றன. ஏதோ ஒரு காரணத்தால் ஒரு கூட்டம் செல்கள் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி மின்குறிப்புகளை வெளியிட்டால், அந்தச் சில நொடிகளோ நிமிடங்களோ நிகழ்வதுதான் வலிப்பு.

அந்த மிகைமின்னோட்டம் மூளையின் எப்பகுதியில் எழுகிறதோ அதற்கேற்ப வலிப்பின் தோற்றமும் மாறும். மூளை முழுவதும் பரவினால் நினைவிழந்து கைகால்கள் வெட்டி இழுக்கும். ஒரு பகுதியோடு நின்றுவிட்டால் வெறித்த பார்வை, காரணமற்ற அச்சம், பொருத்தமற்ற பேச்சு, வாயைச் சப்புக்கொட்டுதல் ஆகியவை மட்டுமே தோன்றலாம். கைகால் வெட்டினால்தான் வலிப்பு என்று கருதுவது சரியன்று.

மூளையின் இந்த மின்னோட்டத்தைத் தலையின் மேற்பரப்பிலிருந்தே பதிவுசெய்ய முடியும் என்பதை ஜெர்மனியின் யேனா நகரைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் உலகுக்கு அறிவித்தார். அவர் காட்டிய வழியில் வளர்ந்ததே இன்று நாம் செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை. இப்பரிசோதனையில் உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை. மூளையில் இயல்பாக எழும் மின்னலைகளைக் கருவி பதிவுசெய்கிறது, அவ்வளவே. ஆகவே பிள்ளைகளுக்கு இதைச் செய்ய அஞ்ச வேண்டியதில்லை.

பெங்களூரில் தொடங்கிய தேடல்

பெரும்பாலான வலிப்புகள் இன்ன நேரத்தில் வரும் என்று சொல்ல இயலாதவை. சிலருக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட தூண்டுதல் வலிப்பைக் கொண்டுவருகிறது. மின்னி மின்னி மறையும் ஒளி, திடீர் ஓசை, சிலருக்கு வாசித்தல் ஆகியவை அத்தகைய தூண்டுதல்கள். இவ்வகையை அனிச்சை வலிப்பு என்பர். வெந்நீர் வலிப்பும் இந்த இனத்தைச் சேர்ந்தது.

வெந்நீரில் குளிக்கும்போது வலிப்பு வந்த ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பு 1945இல் நியூசிலாந்திலிருந்து வெளிவந்தது. நெடுங்காலம் இது மிக அரிதான ஒன்றாகவே கருதப்பட்டது. பெங்களூரில் நரம்பியல் மருத்துவராகப் பணியாற்றிய கே. எஸ். மணி, தம்மிடம் வந்த நோயாளிகளின் குடும்பத்தினர் திரும்பத் திரும்ப ஒரே செய்தியைச் சொல்வதைக் கவனித்தார்: தலையில் வெந்நீர் ஊற்றும்போது வலிப்பு வருகிறது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் இத்தகையோரை ஒவ்வொருவராகப் பதிவுசெய்து, 1974இல் 108 நோயாளிகளின் விவரங்களை ஈ.ஈ.ஜி. பதிவுகளோடு வெளியிட்டனர். பிற நாடுகளில் ஒருவர் இருவராகக் காணப்பட்ட நோய் இங்கே நூறு பேரைத் தாண்டி இருந்தது.

அப்பணியைத் தொடர்ந்தவர் பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த பி. சதீஷ்சந்திரா. பின்னாளில் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் அவர் பொறுப்பேற்றார். 1988இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் 279 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, இந்நோயைப் பற்றி உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்றாயிற்று. துருக்கியிலிருந்தும் பின்னர் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் வந்தன.

தென்னிந்தியாவில் ஏன் மிகுதி? நாம் குளிக்கும் முறையே விடையின் ஒரு பகுதி. நம் வீடுகளில் தலைக்குக் குளிப்பது பெரும்பாலும் வாரத்தில் சில நாள்களே. அன்று அண்டாவில் காய்ச்சிய நீரைச் செம்பாலோ குவளையாலோ மொண்டு, தலையில் விரைவாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறோம். ஆய்வுகளில் குறிப்பிடப்படும் நீரின் வெப்பம் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ். நம் உடலின் இயல்பான வெப்பமோ ஏறத்தாழ 37 டிகிரி. ஆகவே மிகக் குறுகிய நேரத்தில் தலையின் வெப்பம் உயர்கிறது. நீரின் சூடு, தலையில் அது விழும் விசை, ஊற்றும் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே தூண்டுதலாகின்றன. அதே பிள்ளை அதே வெந்நீரைக் கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றும் நிகழ்வதில்லை.

எல்லோரும் இவ்வாறுதான் குளிக்கிறோம். எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லை. எனவே விடையின் மற்றொரு பகுதி மூளையில் இருக்கிறது. உடல் வெப்பத்தைச் சமன்செய்யும் மையம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். சிலருக்குப் பிறவியிலேயே விரைவான வெப்ப உயர்வைத் தாங்கும் திறன் குறைவாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெந்நீர் வலிப்புள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் குழந்தைப் பருவத்தில் காய்ச்சலின்போது வலிப்பு வந்திருப்பதும் இக்கருத்துக்குத் துணைசெய்கிறது. வலிப்பு நிகழும் வேளையில் மூளையின் இரத்த ஓட்டத்தைப் படம்பிடித்த ஆய்வுகள், ஹைப்போதலாமஸும் காதுக்கு உட்புறமாக அமைந்த பொட்டு மடலின் உட்பகுதியும் அப்போது மிகையாக இயங்குவதைக் காட்டின.

சில குடும்பங்களில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதும் தெரியவந்தது. பெங்களூரிலுள்ள மரபணு ஆய்வாளர்களும் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் இணைந்து அத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து, 4, 9, 10 ஆகிய குரோமோசோம்களில் இந்நோயோடு தொடர்புடைய பகுதிகளை அடையாளம் கண்டனர். ஆயினும் நோயாளிகளில் பெரும்பாலோர் வீட்டில் வேறு எவருக்கும் இந்நோய் இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எப்படித் தோன்றும்?

இந்நோய் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தொடங்குகிறது. பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. குளித்துக்கொண்டிருக்கும்போதோ குளித்து முடித்த உடனேயோ வலிப்பு வரும். பெரும்பாலும் அரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை நீடிக்கும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலிப்பு மூளையின் ஒரு பகுதியில் தொடங்குகிறது. பிள்ளை திகைத்து விழிக்கும், அச்சத்தோடு எதையோ பார்ப்பதுபோல் பார்க்கும், தொடர்பில்லாமல் பேசும், இல்லாத உருவமோ ஒலியோ தோன்றுவதாகச் சொல்லும். சிலருக்கு இது கைகால் வெட்டும் வலிப்பாகப் பரவும். எஞ்சியோருக்குத் தொடக்கத்திலேயே உடல் முழுவதும் வெட்டி இழுக்கும்.

வெறித்த பார்வையும் பொருந்தாப் பேச்சும் பேய்பிடித்ததன் அடையாளம் என்று நம் ஊர்களில் இன்றும் எண்ணப்படுகிறது. நீர் ஊற்றியவுடன் நிகழ்வதால் அந்த எண்ணம் இன்னும் வலுப்பெறுகிறது. மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் மாதங்கள் கழிகின்றன. உங்கள் வழிபாட்டில் நாங்கள் தலையிடவில்லை. கோயிலுக்குச் செல்லுங்கள், மருத்துவரிடமும் உடனே வாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். இந்நோயுள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, வெந்நீர் தலையில் விழும்போது ஒருவகை இன்ப உணர்வு தோன்றுகிறது. அதனால் போதும் என்று சொன்னாலும் நிறுத்தாமல், நினைவிழக்கும்வரை மேலும் மேலும் ஊற்றிக்கொள்கிறார்கள். இது பிடிவாதமோ குறும்போ அன்று. அடித்தாலும் ஏசினாலும் மாறாது. வலிப்பு தொடங்கிவிட்டது என்பதற்கான அறிகுறியாகவே இதைக் கொள்ள வேண்டும்.

நீங்கள் கண்டதே முதற்சான்று

ஈ.ஈ.ஜி. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வெந்நீர் வலிப்பில் அப்படி இல்லை. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. பெரும்பாலோருக்கு இயல்பாகவே இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் மாறுதல் தெரிகிறது. மூளையின் ஸ்கேன் படமும் பொதுவாக இயல்பாகவே இருக்கும். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று எழுதிய தாளைக் கண்டு, நோயே இல்லை என்று முடிவுசெய்து மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு. அது ஆபத்தான முடிவு.

இங்கே நோயைக் கண்டறிய உதவும் முதன்மையான சான்று, குளியலறை வாசலில் நின்று நீங்கள் கண்டதுதான். எத்தனை செம்பு ஊற்றியபின் தொடங்கியது, முதலில் முகம் மாறியதா கை இழுத்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது, காய்ச்சிய நீர் இல்லாமல் பச்சைத் தண்ணீரில் குளித்தபோது வந்ததா ஆகிய விவரங்களை மருத்துவர் உங்களிடமிருந்தே பெற முடியும். கே. எஸ். மணியின் ஆய்வும் குடும்பத்தினர் சொன்ன சொல்லை ஏற்றுக்கொண்டதிலிருந்தே தொடங்கியது. ஆகவே தயங்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சை

முதல் மருந்து வெந்நீரைத் தவிர்ப்பதே. தலைக்கு ஊற்றும் நீர் தொட்டால் சூடு தெரியாத அளவில் இருக்கட்டும். சிலருக்கு இதுவே போதுமானதாகிறது. போதாதவர்களுக்கு, தலைக்குக் குளிப்பதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன்பு மட்டும் குளோபசாம் என்னும் மாத்திரையைக் கொடுக்கும் முறையை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பயன்படுத்தி நற்பயன் கண்டனர். இதன் அளவை வயதையும் எடையையும் பார்த்து மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இதனைச் சிறிய தொல்லை என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெவ்வேறு ஆய்வுகளின்படி, வெந்நீர் வலிப்புள்ளவர்களில் 16 முதல் 38 சதவீதத்தினருக்குப் பின்னாளில் குளிக்காத வேளைகளிலும் வலிப்பு வரத் தொடங்குகிறது. மீண்டும் மீண்டும் வெப்பத்தால் வலிப்பு தூண்டப்பட்ட எலிகளுக்கு நாளடைவில் அது மேலும் எளிதில் வருவதை ஆய்வுக்கூடத்திலும் கண்டுள்ளனர். குளிக்காத வேளைகளிலும் வலிப்பு வருவோர் நாள்தோறும் மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். அவ்வாறு தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும்.

மருந்து விலை மிகும் என்று அஞ்ச வேண்டாம். மைசூருக்குத் தெற்கேயுள்ள எலந்தூர் வட்டாரத்தின் கிராமங்களில் கே. எஸ். மணியும் அவருடைய குழுவினரும் வலிப்பு நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து, ஃபீனோபார்பிடால், ஃபெனிட்டாயின் ஆகிய விலை குறைந்த பழைய மருந்துகளைக் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தனர். கிராமத்திலேயே, எளிய மருந்துகளைக் கொண்டே வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. 2001இல் புகழ்பெற்ற லான்செட் இதழில் அது வெளியாயிற்று. எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்பது வயது, பால், பிற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்தது.

குளியலறையிலும் அருவிக்கரையிலும்

குளிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. குளிக்கும் முறையை மாற்றினால் போதும். பின்வருவனவற்றைப் பின்பற்றுங்கள்.

- நீரை முதலில் காலிலும் பின் உடம்பிலும் ஊற்றிக்கொள்ளட்டும். தலைக்குச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். ஈரத்துண்டால் தலையைத் துடைத்தெடுப்பதும் நன்று.
- நின்றுகொண்டு குளிப்பதைவிட, தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து குளிப்பது பாதுகாப்பானது.
- குளியலறையின் தாழ்ப்பாளைப் போட வேண்டாம். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் ஒருவர் இருக்கட்டும்.
- கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தைக் குளிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். வலிப்பில் அதன்மேல் விழுந்து வெந்துபோகும் விபத்து, வலிப்பைவிடக் கொடியது.
- எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் தடையில்லை. அதைத் தொடர்ந்து ஊற்றும் நீரின் சூட்டில்தான் கவனம் வேண்டும். தீபாவளி விடியலில் உறக்கம் கெட்டு எழுந்து, எண்ணெய் தேய்த்து, சூடான நீரில் தலை முழுகுவது நம் வழக்கம். உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும். அன்று பிள்ளையைப் போதிய அளவு உறங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள்.

குத்துக்கல்வலசையிலும் தென்காசியிலும் இலஞ்சியிலும் வாழும் நம்மிடம் ஆண்டுதோறும் சாரல் காலத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு: வலிப்புள்ளவர் குற்றாலத்தில் குளிக்கலாமா? அருவிநீர் குளிர்ந்தது, ஆகையால் வெந்நீர் வலிப்பை அது தூண்டுவதில்லை. ஆனால் வேறு வகை வலிப்பு எந்த இடத்திலும் வரக்கூடும். பேரருவியின் கீழே நிற்பவருக்கு ஒரு நொடி நினைவு தப்பினாலும் வழுக்குப் பாறையும் விழும் நீரின் விசையும் கூட்டமும் சேர்ந்து உயிருக்கே ஊறு விளைவிக்கும். எனவே வலிப்பு இன்னும் கட்டுக்குள் வராதவர்கள் அருவியின் கீழ் நிற்பதையும், குளம், கிணறு, ஆறு ஆகியவற்றில் இறங்கிக் குளிப்பதையும் தவிர்க்க வேண்டும். நெடுநாள் கட்டுக்குள் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, நோயைப் பற்றி அறிந்த ஒருவரைத் துணைகொண்டு செல்லலாம். அருவியில் குளித்து வந்தபின் குளிருக்கு இதமாக வீட்டில் தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்வதை வெந்நீர் வலிப்புள்ளவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

வலிப்பு வந்துவிட்டால்

நீர் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். தலை தரையில் மோதாமல் தாங்கி, உடலை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் நீர், கரண்டி, விரல் எதையும் நுழைக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை, காயமே மிஞ்சும். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, நீர் மூச்சுக்குழாயில் சென்றதாக ஐயம் இருந்தாலோ 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

மறைக்க வேண்டியதில்லை

மலைக்கு அப்பால் கேரளத்தில் மருத்துவர் கே. ராதாகிருஷ்ணனும் குழுவினரும் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு வலிப்பு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. எழுத்தறிவு மிக்க அம்மாநிலத்திலும் அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மருந்து உட்கொள்ளாமல் இருந்தனர். ஆயிரம் பேர் வாழும் சிற்றூரிலும் ஐந்து வீடுகளில் இந்நோய் இருக்கலாம் என்பதே இதன் பொருள். ஒவ்வொரு வீடும் தன்னை மட்டும் தனியென எண்ணி மறைக்கிறது.

பெண்பிள்ளைக்கு வலிப்பு என்று தெரிந்தால் திருமணம் தடைப்படும் என்ற அச்சமே பெரும்பாலும் இதற்குக் காரணம். 1999இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்மூலம், இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத் தகுதிக்குத் தடையாகக் கூறப்பட்டிருந்தவற்றிலிருந்து வலிப்பு நோய் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் கைவிட்ட தடையை நாம் தொடர வேண்டியதில்லை. மறைத்துவைத்த நோய்க்கு மருந்தை ஒளித்தே உண்ண நேரும். ஒளித்து உண்ணும் மருந்து ஒழுங்காக உண்ணப்படுவதில்லை.

எங்களிடம் வரும்போது ஒரு சிறு குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள். வலிப்பு வந்த நாள், நேரம், தலைக்குக் குளித்த நாளா இல்லையா, நீரின் சூடு, நீடித்த நேரம், முந்திய இரவின் உறக்கம், மருந்து தவறியதா ஆகியவற்றை அதில் எழுதுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வலிப்பு வந்ததுண்டா, உறவினரில் எவருக்கேனும் இவ்வாறு உண்டா என்பதையும் கேட்டறிந்து எழுதுங்கள். பிள்ளையின் பாதுகாப்பை ஒருவர் கவனிக்கும்போது, மற்றொருவர் உடலை மறைத்து முகமும் கைகளும் தெரியுமாறு கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்தால் அதுவும் மிகுந்த உதவியாகும். எழுத இயலாதவர்கள் கண்டவரையே உடன் அழைத்து வாருங்கள். பாட்டியோ அண்ணனோ யாராயினும் சரி, அவர் சொல்வதைக் கேட்க நாங்கள் நேரம் ஒதுக்குவோம்.